படம் எடுத்த பிறகு சோறு

நேற்று சார்டின் டின்னைத் திறக்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டேன். இத்தனை வயதாகியும் ஒரு டின் திறக்கத் தெரியவில்லையே என்று வீட்டுக்காரர் சிரித்தார். விரல் ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை. தக்காளிச் சாறும் மீனும் கலந்த அந்த வாடைதான் நெஞ்சில் வந்து மோதியது. பள்ளி விடுமுறை தொடங்கி மூன்றாம் நாள் வேறு. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோபம். இருபது வருடத்துக் கோபம், இன்னும் சூடு ஆறவில்லை.

உங்களிடம் சொன்னேனோ இல்லையோ, நான் கொஞ்ச காலம் ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக டீச்சராக இருந்தேன். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கர்வம், கஞ்சி போட்ட புடவை, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், காலைச் சபைகூடலில் வரிசையில் நின்ற துர்கா என்ற மூன்றாம் ஆண்டுப் பிள்ளை பொத்தென்று விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பிய கையோடு நான் செய்த முதல் காரியம், அவளை ஏசியது.

“பசியாறாம ஏன் ஸ்கூலுக்கு வந்த?”

“பசியாறத்தான் டீச்சர் வந்தேன்.”

கேண்டீன் நடத்திய சரோஜா அக்காதான் எனக்கு விளக்கினார். “ஸ்கூல் நாள்ல இலவசச் சாப்பாடு உண்டு. லீவு விட்டா யாரு குடுப்பா? அதுங்க வயித்துக்கும் லீவு விட்டுட்டாங்க லா.”

சரோஜா அக்கா இனிமையானவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளை ‘எரும’ என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கே, பிள்ளைகள் பலர் குடியிருந்த பிளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில் அடுப்பு மூட்டிவிட்டார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பந்தலில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொங்கிய கை. மலாய்க்காரப் பிள்ளைகளும் உட்கார வேண்டுமென்று இறைச்சிப் பக்கமே போகவில்லை. பருப்பு, முட்டை, சார்டின் சம்பல். என் பட்டத்துக்கு அங்கே கிடைத்த மரியாதை, “புடவையத் தூக்கிச் சொருகு, வெங்காயம் உரி” என்பதுதான். இன்னொன்றும் சொன்னார்: “பேரு கேக்காத. அப்பன் யாருன்னு கேக்காத. தட்டு நீட்டுனா சோறு போடு.”

மறுவருடம் ஒரு சங்கத்தின் தலைவர் வந்தார். விடுமுறை முழுக்க அரிசி, முட்டை, கேஸ் எல்லாம் சங்கமே தரும் என்றார். அக்காவுக்குச் சந்தோஷம். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைகளின் பெயரும் குடும்ப நிலைமையும் எழுதிய ஒரு லிஸ்ட் மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். துர்காவின் பெயருக்கு நேரே ‘தந்தை சிறையில்’ என்று எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அவர் பாராட்டியபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அக்காவிடம் நான் சொல்லவில்லை.

சங்கம் வைத்த விழாவுக்குப் பதினோரு மணிக்கு வர வேண்டிய பிரமுகர், ஒரு டத்தோ, ஒன்றரைக்கு வந்தார். அதுவரை சட்டியைத் திறக்க விடவில்லை. பிள்ளைகளைப் பேனருக்கு முன்னால் வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்து, பிரிக்காதே என்றார்கள். பிறகு மைக்கில் என் லிஸ்ட்டை வாசித்தார்கள்.

“அடுத்து, அப்பா ஜெயில்ல இருக்கிற துர்கா!”

அக்கம்பக்கத்து வீட்டார், கூடப் படிக்கிறவர்கள், எல்லாரும் இருந்தார்கள். துர்காவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காத மா, கொஞ்சம் பாவமா பாரு” என்றான் படம் எடுத்தவன்.

சரோஜா அக்கா கரண்டியோடு வந்தார். “கேமராவ எறக்குடா! புள்ளைங்க பசிக்கு நிக்குதா, ஒன் படத்துக்கு நிக்குதா?”

“அக்கா, அரிசி யாரு குடுத்தது?” என்றார் தலைவர், சிரித்தபடியே.

“ஒன் அரிசிய நீயே தின்னு!”

அப்புறம் மைக் பிடித்தவரிடமிருந்து அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். கேண்டீன் பலகையில் தினமும் நான்தானே எழுதுவேன், கையெழுத்து தெரியாதா? என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

துர்கா பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியேறிப் போய்விட்டாள். மறுநாள் நாளிதழில் அவள் படம் வந்தது. அவர்கள் கேட்ட அதே பாவமான முகம். அவமானத்தில் தானாக வந்த முகம். பள்ளி திறந்ததும் பையன்கள் அவளை ‘ஜெயிலு’ என்று கூப்பிட்டார்கள். பள்ளிச் சாப்பாட்டையும் அவள் தொடவில்லை. “பசிக்கல டீச்சர்.” சில மாதத்தில் அவள் அம்மா அவளைச் சுங்கை பாக்காப் பக்கம் அழைத்துப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. டீச்சர் எப்படி மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது என்று அப்போது யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அக்கா விடவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள்; அவர் தன் வீட்டிலேயே சமைத்து, யாருக்கும் தெரியாமல் கறுப்புப் பையில் போட்டு வீட்டு வீட்டுக் கிரில் கதவில் மாட்டிவிட்டு வந்தார். சண்டை நடந்த நான்காம் நாள் போய் அவர் வாசலில் நின்றேன். “என்னா நிக்கிற, வெங்காயம் உரி” என்றார். அதை மன்னிப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வெங்காயம் நிறைய இருந்தது.

அக்கா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அந்த மண்டபம் இப்போது மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம். கேட்காமல் சோறு போட அந்தக் கட்டடத்தில் இன்று ஒரு அடுப்பு கிடையாது. நேற்றைய கோபத்தில் இன்று காலை நானே சமைத்து, பத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு அதே பிளாட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியில் ஒரு இளம் தாய் கதவைத் திறந்தாள். பையைப் பார்த்ததுமே உள்ளே திரும்பி, “ஏய், நல்ல சட்ட போட்டுட்டு வா!” என்று குரல் கொடுத்தாள்.

“அதெல்லாம் வேணாம்மா, சாப்பாடு மட்டும்தான்.”

அவள் நம்பவில்லை. ஏழு வயது இருக்கும், ஒரு சிறுமி தலையைத் தடவிச் சரிசெய்தபடி ஓடி வந்தாள். பொட்டலத்தை வாங்கி, யாரும் சொல்லாமலே நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் அசையாமல் நின்றாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்:

“ஆன்ட்டி, எடுத்தாச்சா? சாப்பிடலாமா?”