தனகோட்டி சொன்ன கிரிவலம்

ஆட்டோக்காரர் ஏழுமலைதான் செய்தி கொண்டுவந்தார். வேங்கிக்காலில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே, "சார், ரேடியோக்கடை தனகோட்டி போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றார். நான் முதலில் நினைத்தது கூட்டம் எவ்வளவு வரும் என்பதைத்தான். என் சாவுக்கு வரக்கூடியதைவிட ஜாஸ்தியாகவே வரும் என்று அப்போதே தெரிந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன், ஆனால் நினைத்தது நினைத்ததுதான். அவரை அறிந்து இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களிடம் நல்லவன் வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது? கடை போட்ட நாளிலிருந்து எனக்குத் தனகோட்டிமேல் பொறாமை.

இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தோம். நான் முதல் வகுப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன அவர் இரண்டாம் வகுப்பு. எண்பத்தொன்பதில் ஒரே தெருவில் எதிரெதிராக ரிப்பேர் கடை திறந்தோம். நான் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டினேன். அவர் ஒரு காலண்டர் மாட்டினார். கூட்டமெல்லாம் காலண்டர் பக்கமே போயிற்று.

ஒருநாள் பூக்காரம்மா ஒருவர் டிரான்சிஸ்டரோடு முதலில் என்னிடம்தான் வந்தார். பேட்டரி வாங்கி மாளவில்லை, நேராக வீட்டுக் கரண்டில் சொருகினால் என்ன, எதற்காக எலிமினேட்டர் என்று ஒரு பெட்டியை வாங்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. "வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். விநாடிக்கு நூறு தடவை திசை மாறும்" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, அப்ப எங்க ஊட்டு கரண்ட்டு ரிப்பேருங்களா?" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்.

பற்றவைக்கிற ஈயம் கொஞ்சம் கடன் கேட்பதுபோல நானும் பின்னாலேயே போனேன். தனகோட்டி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கிரிவலம் போவியாம்மா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி போவேங்க."

"எந்தப் பக்கமா?"

"இது இன்னா கேள்வி? மல வலக்கைப் பக்கம். எல்லாரும் ஒரே பக்கமாத்தானே போவாங்க."

"பேட்டரி கரண்ட்டு அதான். கிரிவலம். ஒரே பக்கமாத்தான் போவும். ஊட்டுக்கு வர்ற கரண்ட்டு ஊஞ்சலு. போவும், வரும், போவும், வரும். பல்புக்கும் ஃபேனுக்கும் ஊஞ்சலு போதும். ரேடியோவுக்குக் கிரிவலந்தான் வேணும். எதிர்ல ஆளு வந்தா அதால தாங்க முடியாது. இந்தப் பொட்டி ஊஞ்சலப் புடிச்சி, வேகத்தக் கம்மி பண்ணி, கிரிவலமா திருப்பி வுடுது. அவ்ளோதான்."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்ற அந்த அம்மா, என்னை ஒரு பார்வை பார்த்தார். ஈயம் கேட்காமலே திரும்பினேன். அவர் படித்த பாடத்தைத்தானே நானும் படித்தேன்? அதுவும் அவரைவிட நன்றாக?

பிரவுசிங் சென்டர்கள் வந்த சமயம் நடந்தது இன்னும் மோசம். பாட்டு டீச்சர் ஒருவர் டேப்ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். அதன் எலிமினேட்டர் தொலைந்துவிட்டது. பழைய மோடம் ஒன்றோடு வந்த எலிமினேட்டர் என்னிடம் கிடந்தது. அதுவும் ஒன்பது வோல்ட், இதுவும் ஒன்பது வோல்ட். சொருகுகிற பின் அளவும் கச்சிதம். சொருகினேன். கும்மென்று ஓர் இரைச்சல், பிறகு நாற்றம், பிறகு புகை. நாற்றம் பிடித்து எதிர்க்கடையிலிருந்து வந்த தனகோட்டி, எலிமினேட்டரைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். "ஒம்போதப் பாத்த, கோட்டப் பாக்கலியேப்பா" என்றார். எண்ணுக்குப் பக்கத்தில் நேர்கோடு இருந்தால் பேட்டரி மாதிரி ஒரே திசைக் கரண்ட். நெளிகோடு இருந்தால் அளவு குறைந்தாலும் திசை மாறுகிற அதே வீட்டுக் கரண்ட். அதில் இருந்தது நெளிகோடு. மோடம் தனக்குள்ளேயே அதைத் திருப்பிக்கொள்ளும். டேப்ரெக்கார்டருக்கு அந்த வசதி கிடையாது. எனக்குத் தெரியாத விஷயமா இது? அவரே டேப்ரெக்கார்டரை எடுத்துப்போய்ச் சரிசெய்து, "நீயே டீச்சர்கிட்ட குடுத்துடு" என்று என்னிடம் தந்தார். ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடையில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் எழுத ஆரம்பித்தேன். வீட்டுச் சாமான்களுக்கு எந்தக் கரண்ட், எந்த எலிமினேட்டர் என்று ஒரு சின்னக் கைநூல். அதில் கிரிவலத்தையும் ஊஞ்சலையும் என் சொந்த உதாரணமாக எழுதினேன். 'நண்பர் தனகோட்டி சொன்னது' என்று மூன்று வார்த்தை சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை. வெளியீட்டு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அந்த உதாரணத்தையே பாராட்டினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தனகோட்டியும் கைதட்டினார்.

விழா முடிந்து புத்தகத்தோடு என்னிடம் வந்தார். கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "நல்லா எழுதியிருக்கப்பா. முப்பதாம் பக்கத்துல எலிமினேட்டர் பின் படத்துல மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போயிருக்குது. அதப் பாத்து எவனாவது எதையாவது எரிச்சிடுவான். அடுத்த தடவ மாத்திடு" என்றார்.

அதற்குப்பிறகு அவர் கடையில் கிரிவலத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டார். என்ன சொல்கிறார் என்று கேட்கவே ஒருநாள் போய் நின்றேன். செல்போன் சார்ஜர் வாங்க வந்தவரிடம், "ஊட்டு கரண்ட்டு ரம்பம் மாதிரிங்க. முன்ன போனாலும் அறுக்கும், பின்ன வந்தாலும் அறுக்கும். செல்லுக்கு அது ஆவாது. அதுக்கு வாய்க்கால் தண்ணியாட்டம் ஒரே பக்கமா வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊஞ்சலைவிட ரம்பம் எவ்வளவோ சரி. ஊஞ்சல் சும்மா போய்வரும். ரம்பம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். வீட்டுக் கரண்ட் செய்வதும் அதைத்தான். நான் ஒன்றைத் திருடிக்கொண்டு ஊரெல்லாம் மாலை வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் அதைவிட நல்லதாக இன்னொன்றைச் செய்துகொண்டு வேலையைப் பார்த்தார்.

சாவு வீட்டில் தெரு கொள்ளாத கூட்டம். அவர் மகள் கனகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அங்கிள், உங்க புக்க வெச்சித்தான் அப்பா எனக்குக் கரண்ட் பாடம் சொல்லித் தந்தாரு. அந்தக் கிரிவலம் மாதிரி வேற யாராலயும் எழுத முடியாதுன்னு சொல்வாரு" என்றாள். அவர் உடல் நான்கடி தூரத்தில் இருந்தது. நான் "ஆமாம்மா" என்றேன். முதல் முறை செய்ததைவிட இது கேவலம்.

கனகா, நீ இதைப் படிப்பாய். அந்தக் கிரிவலம் உன் அப்பாவுடையது. அவர் பூக்காரம்மா ஒருவருக்குச் சொன்னதை, ஈயம் கேட்கிற சாக்கில் ஒட்டுக்கேட்டேன். அடுத்த பதிப்பில் அவர் பெயர் இருக்கும். முப்பதாம் பக்கத்துப் படத்தையும் மாற்றிவிடுகிறேன். இவர் சொல்லி நான் மாற்றுவதா என்று இத்தனை நாளும் அதை அப்படியே விட்டுவைத்திருந்தேன். ரம்பமும் அவருடையதுதான். என் பெயரில் யார் சொன்னாலும் நம்பாதே.

இதையெல்லாம் திருப்பிக் கொடுத்தபின் அவர் நினைவாக என்னிடம் தங்குவது இந்தப் பொறாமை ஒன்றுதான். அதை நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.