பால் ஊற்றிய கீரைப்பாத்தி

திருமழிசையில், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய கீரைத்தோட்டத்து வாசலில் ஒரு பலகை நின்றது: ‘முன்னோடி இயற்கை விவசாயி திருமதி லோகநாயகி. மருந்து படாத மண்.’ முன்னோடி, ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையில், தாமிர முலாம் பூசிய போல்ட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மருந்தோ மண்ணில்தான் இருந்தது.

அது அவருடைய நேர்மையால் வந்த வினை. பசுவுக்கு மடிநோய் கண்டு ஊசி போட்டால், மருந்து உடம்பைவிட்டு நீங்கும்வரை பாலை யாருக்கும் விற்கமாட்டார். சாக்கடையில் கொட்டவும் மனசு வராது. பால் மகாலட்சுமி அல்லவா? கீரைப்பாத்தியில் ஊற்றிவிடுவார். சாணமும் அங்கேயேதான். நாலு மழை பெய்தால் போய்விடும் என்று நினைத்தார்.

போகவில்லை. கொரட்டூர் இயற்கை அங்காடிக்காரர் கேட்டாரென்று மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். ஆய்வுக்கூடத்துத் தேவிப்பிரியா நேரிலேயே வந்துவிட்டார்.

“மாட்டு மருந்து அப்படியே இருக்குங்கம்மா. பட்டறைத் தண்ணி மழைக்கு இந்தப் பக்கம் வருதுல்ல, அதுல தாமிரம். அது ஒரு கையால மண்ணையும் இன்னொரு கையால மருந்தையும் பிடிச்சு வெச்சிருக்கு.”

“தண்ணி கட்டிக் கழுவுனா?”

“போகாதுங்க.”

“சரி, அதான் புடிச்சிகினு கீதே, கீரைல ஏறாதுல்ல? ஞாயித்துக்கெழம கட்டு அனுப்பணும்மா.”

“ஏறாதுன்னும் சொல்ல முடியல, ஏறும்னும் சொல்ல முடியல. பிடி எப்ப விடும்னு தெரியாதுங்க.”

லோகநாயகி மாட்டு டாக்டரைக் கேட்டார். “பாலை விக்காதீங்கன்னுதான் சொன்னேன். மண்ணு என் சப்ஜெக்ட் இல்லம்மா.” பட்டறை மேலாளர் ராகவன் இன்னும் தெளிவாக இருந்தார்: “தாமிரம் எங்களுது, ஒத்துக்கறேன். மருந்து உங்களுது.” யார் சொன்னதிலும் பிழையில்லை. எரிச்சல் தாங்காமல் லோகநாயகி மோட்டாரைப் போட்டுப் பாத்தியை மூழ்கடித்தார். மோட்டார் சூடானதுதான் மிச்சம்.

கணவர் மோகன் சிரித்தார். “ஊரான் வயித்துக்குப் போவ வாணான்னு ஊத்துன. இப்ப அது எங்கியுமே போவ மாட்டேங்குது!”

“நக்கல் அப்புறம் வெச்சுக்கோ. கீரைய விக்கலாமா, வாணாமா? அத்தச் சொல்லு.”

“வாயத் தொறக்காம அனுப்பு லோகு. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனுக்குத் தெரியுமேய்யா!”

சனிக்கிழமை மாலை லோகநாயகி அங்காடிக்காரருக்கு போன் செய்து, காரணத்தைச் சொல்லி, கீரை அனுப்ப முடியாது என்றார். பிறகு பலகையைப் பிடுங்கிக் கொட்டகைக்குள் வைத்தார்.