நல்லா இருக்கேன் என்று சொல்லக் கூடாத அறை

பல்கலைக்கழக நூலகத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருந்தது. நிமிர்ந்து நுழைந்தால் நெற்றி இடிக்கும். அங்கேதான் என் மனைவி வக்கீலாக உட்கார்ந்திருந்தாள். கார் மோதி அடிபட்ட மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் இலவசமாகக் கேஸ் நடத்துவது அவள் வேலை. கை கால் ஒடிந்து வருகிறவர்களுக்குக் குனிந்து நுழைகிற அறையா என்று நான் மேலிடத்தில் கத்திப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நான் வேதியியல் வாத்தியார். மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். சுவரோரம் ஊன்றுகோல்கள் சாய்ந்திருக்கும். மாவுக்கட்டு முழுக்க நண்பர்கள் கிறுக்கிய கேலிப் பேச்சோடு மாணவர்கள் பெஞ்சில் கால் நீட்டிக் கிடப்பார்கள். தைல வாசனையில்தான் நாங்கள் சாப்பிட்டோம். இப்போது அங்கே ஜெராக்ஸ் கடை நடக்கிறது. அந்த மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

அவளிடம் ஒரு கிறுக்குப் பழக்கம் இருந்தது. யார் உள்ளே வந்தாலும், "வாங்க, எப்படி இருக்கீங்க?" என்று சிரித்த முகமாகக் கேட்பாள். "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் தீர்ந்தது.

"வெளிய போயிட்டு மறுபடி வாங்க" என்பாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கோர்ட்டில் முதலில் நலம்தான் விசாரிப்பார். நம் ஆட்கள் மரியாதைக்கு நல்லா இருக்கேன் என்று சொல்லி, தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்கள். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. கழுத்துப் பட்டையோடு வந்த ஒரு பேராசிரியரைப் பலமுறை வெளியே அனுப்பினாள். கடைசியில் அவர், "உன்னாலதாம்மா கழுத்து இப்ப ரொம்ப வலிக்குது" என்றார். "இப்பதான் சார் பாஸ்" என்றாள்.

அவளிடம் பாஸாகாத ஒரே ஆள் எங்கள் ஆய்வக உதவியாளர். எல்லோருக்கும் அவர் 'லேப் அண்ணன்'. மனைவி இறந்த பிறகு ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். பல்கலைக்கழக வாசலில் ஒரு கார் அவரை இடித்துத் தள்ளியதில் வலது கை விரல்கள் மடங்காமல் போயின. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். நஷ்டஈடு கிடைத்தால்தான் ஆபரேஷன். இல்லாவிட்டால் கையும் போகும், அமிலக் குடுவையைப் பிடிக்கிற அந்த வேலையும் போகும். கம்பெனியோ, கை எப்போதோ குணமாகிவிட்டது என்று சாதித்தது. இவரானால் அறைக்கு வரும்போதெல்லாம் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்மா" என்பார்.

"அண்ணே, வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்" என்று இவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

விசாரணை நாளில் நானும் போயிருந்தேன். அண்ணனின் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வக்கீல் எழுந்து, "ஐயா, இப்ப எப்படி இருக்கீங்க?" என்று தேனாகக் கேட்டார்.

"நல்லா இருக்கேங்க."

"கை?"

"பரவால்லீங்க."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணனை அங்கேயே உலுக்கியிருப்பேன். என் மனைவி எழுந்தாள். அண்ணன் அருகில் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, இன்னைக்குக் காலைல உங்க சட்டைக்குப் பட்டன் போட்டது யாரு?"

அண்ணன் குனிந்துகொண்டார். நீதிபதி காத்திருந்தார்.

"எம் மகதாங்க" என்றார் கடைசியில். "தினமும் அவதான். எனக்கு வெக்கமா இருக்கும்னு, என் முகத்தைப் பாக்காமலே போட்டு விட்டுட்டுப் போயிடுவா."

தீர்ப்பு அன்றே எங்கள் பக்கம் வந்தது. ராத்திரி வீட்டில் இவள், "ஜெயிக்கணும்னு மானஸ்தனைச் சபையில வெச்சு அவமானப்படுத்திட்டேனே" என்று புலம்பினாள். மறுநாள் அண்ணன் அறைக்கு வந்தபோது, இவள் அந்தக் கூரையில் தலையை இடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"அட, நீங்க வேற" என்றார் அவர். "நேத்து கோர்ட்டுலேருந்து வீட்டுக்குப் போனதும் எம் மக என் முகத்தைப் பாத்து, 'வலிக்குதாப்பா?'ன்னு கேட்டா. ஆமாடா கண்ணு, ரொம்ப வலிக்குதுன்னேன். அவகிட்ட அதைச் சொன்னது அதான்மா முதல் தடவை."