மின்விசிறியை நிறுத்திய அறை

முதலில் கழன்றது செருப்பு. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பூ விற்கும் அக்கா ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டு, "ஒத்தக் கால் செருப்போட எங்கம்மா போய்க்கினு கீற?" என்று சிரித்தார். குனிந்து பார்த்தேன். இடது காலில் ஒன்றும் இல்லை. சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. எனக்கோ பஞ்சின் மேல் நடப்பது போலிருந்தது. உண்மையைச் சொன்னால், அது சுகமாகக்கூட இருந்தது.

கை கால் மரத்துப்போய், காரணம் தெரியாமல் பரிசோதனை அறைகளுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் நோயின் காரணம் என் அறையிலேயே இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில் (நிலக்கடலை வயல்களில்) கூலி வேலை செய்கிறவர். நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநர். ரேஷன் கடை அறிவிப்பிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை வீட்டில் எல்லாவற்றையும் படித்துச் சொல்வது நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. ஆறாவது படிக்கும்போதே, மருந்து அடிக்கும் நாளில் கொல்லைக்குப் போய், டப்பாவில் இருப்பதைப் படித்துக் காட்டி, மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மாவை அதட்டியிருக்கிறேன்.

சம்பளம் வாங்கத் தொடங்கியதும் மாதிரி விமானங்கள் கட்ட ஆரம்பித்தேன். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஒட்டுவதைவிட, ஒட்டி முடித்ததைப் பழசாக்குவதுதான் எனக்குப் பிடிக்கும். எஞ்சினுக்குப் பின்னால் கரிப்படலம், விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் பெயர்ந்த வண்ணம், வயிற்றுப் பக்கம் எண்ணெய்க் கசிவு. வெள்ளி வண்ணத்தின் மேல் ஈர உப்புத்தூளை ஒட்டி, அதன்மேல் பச்சை பூசி, காய்ந்தபின் உப்பைத் தேய்த்தெடுத்தால் தோலுரிந்த உலோகம் தெரியும். "புதுசா வாங்கினத எதுக்குடி பாழாக்குற?" என்று அம்மா கேட்பார். எங்கேயும் பறக்காத ஒன்றின் மேல், பறந்த வருடங்களைப் பூசிக்கொண்டிருந்தேன்.

ஈர வண்ணத்துக்கு எதிரி தூசி. எங்கள் தெருவில் அதற்குக் குறைவில்லை. அதனால் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியைச் செருகி, மின்விசிறியை நிறுத்திவிடுவேன். வண்ணம் கலக்கவும் தூரிகை கழுவவும் பெயிண்ட் கடையில் வாங்கிய மலிவான கரைப்பான் இருந்தது. விடுமுறைப் பகல்கள் முழுக்க அந்த அறையில்தான். இனிப்பு கலந்த வாசனை. நேரம் மெல்ல உருகும். மேசைமேல் நிற்கும் விமானம் மேகத்துக்குள் போய் வருவது போலிருக்கும். அதை மகிழ்ச்சி என்றே நினைத்திருந்தேன்.

கால்களுக்குப் பிறகு விரல்கள். இடுக்கியில் பிடித்த சக்கரம் நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான். பிறகு சாக்பீஸ்.

விழுப்புரத்தில் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். சர்க்கரை இல்லை, வைட்டமின் குறைவும் இல்லை. நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்சாரம் செலுத்தி, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தியைக் கடத்துகிறது என்று அளப்பது) செய்தார்கள். பெயிண்ட், பசை, பூச்சிமருந்து ஏதாவது புழங்குவதுண்டா என்று மருத்துவர் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் அம்மா முந்திக்கொண்டார். "மருந்து அடிக்கிறது நான்தாங்க மேடம். இவ புஸ்தகம் தவிர ஒண்ணையும் தொட்டதில்ல."

நான் தலையாட்டினேன். மாணவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைப் படித்துக் காட்டுகிறவள் நான். அந்த அறையைப் பற்றி எப்படிச் சொல்வது? சொன்னால் விமானங்களும் போய்விடும். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறதோ என்று சந்தேகித்த மருத்துவர், வீரியமான மாத்திரைகளைத் தொடங்க அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அதற்கு முந்தைய ஞாயிறு, அம்மா களை வெட்டிவிட்டுச் சீக்கிரமே திரும்பினார். என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தவர் வாசற்படியிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"கண்ணு எரியுது. கொல்லையில மருந்து அடிச்சா மாதிரி கீதுடி இங்க."

மின்விசிறியைப் போட்டார். ஜன்னலைத் திறந்தார். தூசி பறந்து வந்து ஈர இறக்கையில் உட்கார்ந்தது. மேசையிலிருந்த கரைப்பான் டப்பாவை என் முன்னால் நீட்டினார்.

"இதுல இன்னா எழுதிக்கீது? படி."

ஆங்கிலத்தில், எள்ளளவு எழுத்து. இரண்டு வருடமாக என் கையில் புழங்கிய டப்பா. அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். படித்ததைத் தமிழில் சொன்னேன். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்தவும். ஆவியை நெடுநாள் சுவாசித்தால் நரம்புகள் பாதிக்கப்படும்.

"என்ன மூக்கக் கட்டிக்கினு போகச் சொன்னவ நீதானே" என்றார் அம்மா. டப்பாவை இறுக மூடிப் பைக்குள் வைத்தார்.

மருத்துவரிடம் அம்மா பேசவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். மருத்துவர் கோபிக்கவில்லை. மாத்திரைச் சீட்டை அடித்துவிட்டு, வேறொன்றை எழுதினார். ஹெக்சேன் (எளிதில் ஆவியாகும் கரைப்பான்) உண்டாக்கிய பெரிஃபெரல் நியூரோபதி (மூளை, தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்புகளின் பாதிப்பு).

"நிறுத்தினாலும் உடனே நிக்காதும்மா. இன்னும் ரெண்டு மாசம் மோசமாயிட்டுதான் திரும்பும். அப்ப மனச விட்டுடாதீங்க."

அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டும். காரணத்தை விட்டொழித்த பிறகும் உடல் இறங்கிக்கொண்டே போகும். பாதம் தொங்கிப்போனது. அம்மா எனக்குத் தலை வாரினார், பொத்தான் போட்டுவிட்டார். விமானங்களை அவர் தூக்கிப்போடவில்லை. கட்டி முடித்துக் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டிருந்த இரண்டும், இப்போது ஓயாமல் சுற்றும் மின்விசிறியின் காற்றில், மெல்லத் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தன.

நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். படுத்தபடி அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். என் கட்டைவிரலின் மேல்கணு உயரமே உள்ள பொம்மை விமானி ஒருவன், முழங்காலிலிருந்து புறப்பட்டுப் பாதத்தை நோக்கி நடக்கிறான். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். வழியில் தூங்குகிறான், எழுகிறான். அவனை அவசரப்படுத்த முடியாது. நாள்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த சித்திரையில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மறுபடி மேசைக்கு வந்தேன். நீரில் கரையும் வண்ணம், திறந்த ஜன்னல், சுற்றும் மின்விசிறி. பாதியில் நின்ற அதே விமானம். அம்மா வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தூசி ஒட்டுகிறதே என்று முனகினேன்.

"ஒட்டட்டுமே. அழுக்காக்கத்தானே நீயே உக்காந்துக்கினு கீற?"

சிரிப்பு வந்துவிட்டது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இறக்கையின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டினேன். நடுவில், மரத்துப்போயிருந்த அந்த விரலில் ஏதோ உறுத்தியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில், அதே உறுத்தல். வண்ணத்துக்கு அடியில் ஒரே ஒரு தூசி.

கால்விரல்களுக்கு அந்த விமானி இன்னும் வந்து சேரவில்லை. தூசியை நான் தேய்த்தெடுக்கவில்லை. விரலை அதன் மேலேயே வைத்திருந்தேன்.