மாமியின் திருவலை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடாமல் நாங்கள் காப்பாற்றி வைத்திருந்தது மாமாவின் மனைவியைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். மாமிக்கென்று ஒரு கதிரை, தூள் குறைத்த தனிக்கறி. கோப்பை கழுவ எழுந்தால் அம்மா ஓடிவந்து, "நீங்கள் இருங்கோ, இருங்கோ" என்று அமர்த்திவிடுவார். மூன்று வருடமாக மாமி அந்தக் கதிரையிலேயே இருந்தார்.

மாமி பிலிப்பைன்ஸில் பிறந்து, நாலு வயதில் தாயோடு ஜெர்மனிக்கு வந்தவர். தமிழை மாமாவிடம் மெல்ல மெல்லப் படித்துக்கொண்டார். அவர் ஜெர்மன் மொழியில்தான் கனவு காண்பார் என்று மாமா சொல்வார். மாமாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பத்து வயதான கோடையில், மாமி தன் ஊரோடு போய்விட ஆசைப்பட்டார். முதலில் எட்டுக் கிழமை தனியே இருந்து பார்ப்பது, சரிவந்தால் மாமாவும் போய்விடுவது என்று ஏற்பாடு. அவர்களின் வழக்கப்படி, என் நெஞ்சளவு உயரமான பெட்டியில் சவர்க்காரம், சொக்லேட், துவாய் எல்லாம் நிரப்பி முன்கூட்டியே கப்பலில் அனுப்பினார்கள். எனக்குச் சைக்கிள் பழக்கிய மாமாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மாமிக்கு அந்த ஊர் சரிவரக் கூடாது என்று பக்கத்து ஊன்ட்றொப் கோவில் அம்மாளிடம் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டேன்.

மூன்றாம் கிழமையே மாமி திரும்பி வந்துவிட்டார். அம்மாள் இவ்வளவு அவசரப்படுவா என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

குசினியில் மாமா அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அங்கே பெரியவர்களைக் கண்டால் அவர்களின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்க வேண்டுமாம். மாமியோ இங்கத்தைய பழக்கத்தில் கை குலுக்கிவிட்டார். அதிலிருந்து அவர் அவர்களுக்கு ஜெர்மன்காரி.

"ஒரு குறையும் வைக்கேல்லை, அக்கா. நல்ல கட்டில், போத்தில் தண்ணி. ஒருநாள் தேங்காய் திருவக் குந்தினவளாம். சின்னம்மாக்காரி ஓடிவந்து பறிச்சிட்டா. ஜெர்மன்காரிக்குக் கை நோகுமெண்டு எல்லாரும் சிரிச்சவையாம்."

"ஐயோ பாவம்" என்றார் அம்மா. அடுத்த ஞாயிறு மாமியின் கதிரையில் புதிதாக ஒரு குஷனும் ஏறியது.

எங்கள் வீட்டில் தேங்காய் திருவுவது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த திருவலை அது. பலகையில் குந்தி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பல்லில் தேங்காய்ப் பாதியைத் தேய்க்க வேண்டும். அன்றைக்குத் தொலைக்காட்சியில் எனக்குப் பிடித்த படம். அம்மா அரிசி எடுக்க நிலவறைக்குப் போயிருந்தார். நான் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

"மாமி, அம்மா உங்களைத் தேங்காய் திருவட்டாம்."

"என்னையா?"

"ஓம்."

மாமி பாவாடையை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். ஒரு தேங்காய் போதும் என்ற இடத்தில் மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. பெருவிரலடியில் கொப்புளம். கண்ணீர் வடிந்தது, அவர் துடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா வந்து என் காதைத் திருகினார்.

"விருந்துக்கு வந்தவவை வேலை வாங்குவியோ?"

"அக்கா, இன்னும் ஒரு பாதி இருக்கு" என்றார் மாமி. எழும்பவில்லை. அம்மா அரிசிப் பையைக் கீழே வைத்தார். பிறகு என் காதை விட்டார்.

ஊரை விட்டு வரப்பண்ணியதும் நான், கையைப் புண்ணாக்கியதும் நான். கிழமை முழுதும் அது என்னை அரித்தது. அடுத்த ஞாயிறு, மாமியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு திருவலையை என் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன்.

மாமி சப்பாத்தைக் கழற்றியதும் நேரே குசினிக்குப் போனார். அலுமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"என்ர திருவலை எங்க?"

நான் பெருமையோடு எடுத்து வந்து கொடுத்தேன். கட்டியணைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆரைக் கேட்டு எடுத்தனீ?" என்று தொடங்கி, தமிழ் தீர்ந்ததும் ஜெர்மனில் ஏசினார். அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்லும் கேட்டறியாத நான் விம்மிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"மாமியே உனக்கு ஏசினவ?" அம்மா நம்பாமல் கேட்டார்.

"ஓம். நல்லா ஏசினவ."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கதிரையிலிருந்த குஷனை எடுத்துச் சோபாவில் எறிந்துவிட்டு, சிரித்துக்கொண்டே குசினிக்குப் போனார். பெற்ற பிள்ளை அழுதுகொண்டு நிற்கையில் அம்மாவுக்கு அப்படி என்ன சந்தோசம் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.