கிளியூர் அருவியில் சைரன் கிடையாது

என் கணவர் முப்பத்திரண்டு வருஷம் நீர்மின் நிலையத்தில் ஆபரேட்டர். அத்தனை வருஷமும் தண்ணீரை மீட்டரில்தான் பார்த்தார். ஓய்வு பெற்றதும், "ஒரு தடவையாவது அருவிக்கு அடியில போய் நிக்கணும்" என்றார். அவர் எதற்காவது ஆசைப்படுவதே அபூர்வம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். மழை இல்லாத நாளில் அங்குள்ள கிளியூர் அருவியில் பாறையை மட்டும்தான் பார்க்கலாம்.

சேலத்தில் காலை 8.10க்கு பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், 9.40க்கு ஏரி அருகே இறங்கினோம். (எனக்கு வாந்தி வரவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.) அங்கிருந்து அருவி மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போக வர, காத்திருப்பு சேர்த்து 400 ரூபாய்.

அருவிக்கு இருநூற்றுச் சொச்சம் படிகள் இறங்க வேண்டும். என் முட்டிக்கு அது ஆகாது. அவரை அனுப்பிவிட்டு மேலே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் தூறல் ஆரம்பித்தது; ஏரிப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கடைக்கார பாய் திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஏனுங்க, சத்தம் மாறுதுங்க. ஏரி வழிஞ்சா அந்தத் தண்ணி நேரா இங்கதான் வரும். உங்க ஊட்டுக்காரரு கீழயா இருக்காருங்க?"

போன் போட்டால் சிக்னல் இல்லை. முட்டியை மறந்து படியிறங்கினேன். எதிரே நாலைந்து கல்லூரிப் பையன்கள் சொட்டச் சொட்ட ஏறி வந்தார்கள். "கீழ ஒரு பெரியவரு கத்திக் கத்தி எங்கள வெரட்டிட்டாருங்க" என்றான் ஒருவன். அடுத்து ஒரு குடும்பம் வந்தது. அவர் இல்லை. பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அவர்களிலும் இல்லை. நான் வேண்டாத சாமி இல்லை.

கடைசியாக, செருப்பைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க வந்தார்.

"இலையும் சுள்ளியுமா அடிச்சிட்டு வந்துச்சு. எங்க நிலையத்துல தண்ணி உள்ள வர்ற வாய்ல இருக்கற கம்பி வலையில குப்பை கூடுனாலே மேல இருந்து புதுத்தண்ணி வருதுன்னு அர்த்தம். அங்கன்னா தண்ணி திறக்கறதுக்கு முன்னால சைரன் ஊதுவோம், இங்க அதுவும் கிடையாது. அதான் நானே கத்துனேன்."

"ஏனுங்க, கத்துனவரு மொதல்ல ஏறி வரக்கூடாதுங்களா?"

"எல்லாரும் ஏறாம நான் எப்படி வர்றது?"

ஈரப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவ்வளவு நிம்மதி. கீழே அருவி செம்மண் நிறத்தில் இரைந்தது. தான் நின்றிருந்த பாறை என்று அவர் காட்டிய இடம் தண்ணீருக்குள் போயிருந்தது.

போகிறவர்களுக்கு: ஏரி வழிகிறதா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரப்பர் செருப்பு படியில் வழுக்கும். தண்ணீரில் குப்பை கூடினாலோ நிறம் மாறினாலோ போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், ஏறிவிடுங்கள். கூட வந்தவர்களையும் ஏற்றுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் சட்டைக் கையைப் பிடித்தபடியே வந்தேன். "விடும்மா, கசங்குது" என்றார். சேலம் வரும்வரை விடவில்லை.