ஞானப்பூ அக்கா ஏற்காத நன்றிக் கட்டுரை

டிசம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை அடுக்களையில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். சபைக் கோயில் மணி ஒற்றை ஒற்றையாக விழத் தொடங்கியது. ஆராதனைக்கு அடிக்கிற மணி அப்படி விழாது; சாவு மணிதான் அப்படி விழும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்து விடலாம். என் வீட்டுக்காரர் முற்றத்திலிருந்து உள்ளே வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தார்.

"அக்காதான்," என்றார். "நீ போ. கிழங்க நான் பாத்துக்கிடுதேன்."

எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கைகூடக் கழுவாமல் தெருவில் இறங்கி நடந்தேன்.

இந்த மாதப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிற உங்களில் பலர் ஞானப்பூ அக்காவைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனால் ஒன்பது வருஷமாக இதில் அவர் கண் படாத ஒரு வரியையும் நீங்கள் படித்ததில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, நம் பத்திரிகைக்கு அச்சுப்பிழை திருத்தும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். சம்பளம் கேட்கவில்லை. பத்திரிகையில் எங்கேயும் தம் பெயர் வரவேண்டும் என்றும் சொல்லவில்லை.

நான் அவரை முதலில் கண்டது ஓர் ஆடி மாதத்தில், அச்சுக்கூடத்து வாசலில். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. காற்றில் குடை மடங்கிப்போயிருந்தது. கட்டுரை கொடுக்க வந்த நான் ஒதுங்கி நின்றேன். அவர் அச்சுக்கோர்ப்பவரிடம் ஒரு தாளை நீட்டி, "நிறுத்துங்க, இன்னும் ஓட்டாதீங்க," என்றார். யாரோ ஒரு வயசான அம்மாள் இறந்த அறிவிப்பில் 'வாழ்ந்தார்' என்பது 'வாள்ந்தார்' என்று விழுந்திருந்தது. இந்த மழையில் இதற்காகவா வந்தீர்கள் என்று அச்சுக்கோர்ப்பவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அவளப் பத்தி அச்சில வாறது இந்த ஒரு தடவதான். அது சரியா வரட்டு," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அவரிடம் மரியாதை. கொஞ்சம் பயமும் உண்டு. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் 'கடந்த ஆண்டின் நன்மைகள்' என்று நான் எழுதும் கட்டுரை அவரிடம் போகும்போது, பரீட்சைத் தாள் கொடுத்த பிள்ளை போலத்தான் காத்திருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருமுறை மட்டும் ஓரத்தில், "இந்த வரி நன்றாயிருக்கிறது. உண்மையாயும் இருக்கிறது" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்தத் தாளைப் பல நாள் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு ஆகஸ்டில் என் மகள் எஸ்தர் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயசு. அந்த டிசம்பரிலும் நான் வழக்கம்போல நன்றிக் கட்டுரை எழுதினேன். ஒரே இருப்பில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தேன். 'ஒரு மலரைத் தம் தோட்டத்துக்குப் பறித்துக்கொண்ட கர்த்தருக்கு ஆனந்தத்தோடு ஸ்தோத்திரம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதி முடித்தபோது என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதை விசுவாசம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி, இத நீ எழுதினியா?"

"பின்ன ஆரு எழுதுவா?"

"கையெழுத்து ஒனக்கதுதான். ஒன்ன இதில காணல்லியே." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "பிள்ள போயி நாலு மாசம் ஆகல்ல. மூணு எடத்தில ஆனந்தம்னு எழுதியிருக்க. எந்த ஆனந்தம்?"

"என்ன எழுதணும்னு சொல்லுதிய? ஆண்டவரைத் திட்டியா எழுதணும்?"

"திட்டணும்னு தோணினா திட்டு. அவரு கேட்டுக்கிடுவாரு. இத மட்டும் அனுப்பாத, மக்கா. இந்த வருஷம் நீ ஒண்ணும் எழுதாட்டாலும் குத்தமில்ல."

எனக்குள் என்ன எரிந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. எழுந்து நின்று, "நீங்க ஒரு பிள்ள பெத்துப் பாத்தியளா? எனக்கு என்ன இருக்குன்னு ஒங்களுக்கு என்ன தெரியும்? எறங்கிப் போங்க," என்றேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் கணவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனார். அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். ஊரெல்லாம் அறிந்த விஷயம். அது எனக்குத் தெரிந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் தாளைக் கட்டில்மேல் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கட்டுரை அச்சில் வந்தது. அக்கா தம் எதிர்ப்பைச் சொல்லியும் பத்திரிகை ஆசிரியர் ஐயா அதைப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். என் விசுவாசத்தைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரு சபையில் அதைப் பிரசங்கத்தில் வாசித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்காவும் நானும் கோயிலில் எதிரெதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வோம்.

பிப்ரவரியில் ஒரு நாள் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். தங்கம்மை என்று பேர். மெலிந்த உடம்பு. கையில் நம் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்க மகனும் போயிட்டான்," என்றாள். "ஒரு வருஷம் கழிஞ்சாச்சு. எனக்கு ஸ்தோத்திரம் சொல்லப் பற்றல்ல. நாக்கு எழும்பல்ல. நீங்க நாலு மாசத்தில சொல்லியாச்சே. எனக்குள்ள என்ன பாவம் கெடக்குன்னு எனக்கு மனசிலாகல்ல. அத எப்படிச் செஞ்சியன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு வழி தெரியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு, நான் விரட்டிவிட்ட அதே அக்காவின் வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா வாசலில் எங்களைக் கண்டதும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். தங்கம்மை எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அக்கா கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தங்கம்மையின் கையைப் பிடித்தார்.

"ஒனக்குள்ள பாவம் ஒண்ணும் இல்ல. இவ பொய் எழுதினா, மக்கா."

என் எதிரிலேயே சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. ஓர் எழுத்துப்பிழையைக் காட்டுகிற குரல்தான் அது.

"எனக்க வீட்டுக்காரரு செத்து ஆறு வருஷம் நான் ஸ்தோத்திரம்னு வாய் தெறக்கல்ல," என்றார் அக்கா. "கோயிலுக்கு மட்டும் போவேன். போயி இருப்பேன். பாட்டுப் படிக்கும்போ சும்மா நிப்பேன். ஆண்டவருக்கு அது தெரியும். நீயும் போயி இரு. அது போரும்."

தங்கம்மை அழவில்லை. நான்தான் அழுதேன். எஸ்தரைப் பெட்டியில் வைத்தபோது வராத அழுகை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தங்கம்மை தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். ஆறுதல் தேடி என்னிடம் வந்தவள் அவள்.

அந்த வருஷமும் அதற்குப் பிந்திய வருஷங்களும் நான் நன்றிக் கட்டுரை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று வாசகர்கள் கேட்டார்கள். அக்கா கேட்கவில்லை.

இந்த வருஷம் கோடை முடியும்போது அக்காவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா தம் தம்பி வீட்டில் ஜன்னல் உள்ள ஓர் அறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டதும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போவேன். வேதம் வாசிக்கச் சொல்வார். எந்தப் பகுதி என்று கேட்டால், "சந்தோஷமா உள்ளது வேண்டாம். பொலம்புகது எங்கயாவது இருந்தா வாசி," என்பார்.

நவம்பர் தொடக்கத்தில் நம் ஜில்லா மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அன்று ஊரெங்கும் வெடிச் சத்தம். அக்கா கண்ணை மூடியபடியே கேட்டார்:

"இனி சர்க்கார் கச்சேரித் தாளெல்லாம் தமிழிலயா வரும்?"

"ஆமா அக்கா."

"அப்போ பிழை திருத்த நெறைய ஆளு வேணுமே," என்றார். அன்று அவர் சிரித்ததுதான் நான் கடைசியாகப் பார்த்த சிரிப்பு.

அந்த மாதமே ஒரு நாள், நாலு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்ததை வெளியே எடுத்தேன். "அக்கா, அண்ணைக்கு ஒங்கள அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ள பெத்தியளான்னு கேட்டேனே."

"வலிச்சுது," என்றார். "வீடு வரைக்கும் வலிச்சுது. ஆனா அந்த மாசம் நீ சொன்னதில நெசமா வந்தது அது ஒண்ணுதான். அதனால எனக்குக் கோவம் வரல்ல."

கடைசியாக நான் போனது அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு. மத்தியான வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது. தம்பி மனைவி கஞ்சி எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"பயமா இருக்குட்டி," என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வதற்கென்று எத்தனையோ வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். எத்தனை கட்டில்களின் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

"எனக்கும் பயமா இருக்கு, அக்கா."

அவர் தலையை மெல்ல அசைத்தார். "செரி. அப்பிடின்னா கொஞ்ச நேரம் இரு," என்றார். இருந்தேன். கஞ்சி வந்து ஆறிப்போகும்வரை இருந்தேன். அவர் தூங்கிய பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

அவரை அடக்கம் செய்த மறு வாரம் ஆசிரியர் ஐயா சொல்லி அனுப்பினார்: இந்த வருஷமாவது நன்றிக் கட்டுரை எழுதவேண்டும் என்று. நான் எழுதுவது இதுதான். இந்த வருஷத்தை ஆனந்த வருஷம் என்று எழுத என்னால் முடியாது. பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்தையும் திறக்கும்போது, இனி இதை யார் பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கட்டுரையையே நான் தனியாகத் திருத்துகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நன்றி இல்லாமல் இல்லை. எவரிடமும் எளிதில் தம் பலவீனத்தைக் காட்டாத ஒரு மனுஷி, தம் பயத்தை என்னிடம் சொல்லலாம் என்று நம்பினார். பொய் எழுதியவள் என்று அறிந்தும் நம்பினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான்.

வருஷத்தின் கடைசி ஞாயிறு காலை ஸ்தோத்திர ஆராதனை. போதகர் வழக்கம்போல, நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்றார். பரீட்சையில் தேறியதற்கு ஒருவர், வீடு கட்டி முடித்ததற்கு ஒருவர், பேறுகாலம் நல்லபடியாக முடிந்ததற்கு ஒருவர் சொல்லி உட்கார்ந்தார்கள். பெண்கள் வரிசையில் நானும் எழுந்தேன்.

"ஞானப்பூ அக்காவுக்குப் பயமாக இருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்," என்றேன். "அதற்காக ஸ்தோத்திரம்."

அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.